சாங்கியின் அருவி எல்லாருக்கும் அல்ல: நேரடி விமானங்களும் பயணிகளுக்குச் சில குறிப்புகளும்

திருச்சியிலிருந்து சென்னைக்குச் சாதாரண விரைவு ரயிலில் போக ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் நான்கேகால் மணி நேரத்தில் போய்விடலாம். எங்கள் ஊர்க்காரர்கள் இதை வேடிக்கையாகச் சொல்வதுண்டு என்றாலும், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் எங்களுக்கு எவ்வளவு பழகிப்போன இடம் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். வேலைக்குப் போகிறவர்கள், மகள் பிரசவத்துக்குப் போகிற தாய்மார்கள், ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் என்று எல்லாரும் அதைக் கடந்துதான் போகிறார்கள். கடந்த சில ஆண்டுகளில் சிங்கப்பூருக்கே போகும் பயணியாகவும், பெர்த்தில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போகும் வழியில் இடைமாறும் பயணியாகவும் நான் அதைப் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். இந்த இரண்டு வகைப் பயணிகளுக்கும் கிடைப்பது ஒரே சாங்கி அல்ல. நீங்கள் வாங்கும் டிக்கெட்டும் கையில் இருக்கும் விசாவும்தான் உங்களுக்கு எந்தச் சாங்கி கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

முதலில் நேரடி விமானங்கள். தமிழ்நாட்டின் பன்னாட்டு விமான நிலையங்கள் எல்லாவற்றிலிருந்தும் சிங்கப்பூருக்கு இடையில் இறங்காமல் போகலாம் என்பது நமக்கு வாய்த்த வசதி. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் இண்டிகோவும், திருச்சியிலிருந்து ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஆகியவையும், கோயம்புத்தூரிலிருந்து ஸ்கூட்டும் பறந்துவருகின்றன. மதுரைக்காரர்களுக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கைகொடுத்துவருகிறது. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்ரீலங்கன் ஆகிய இரண்டும் உண்டு. கால அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், எந்தக் கிழமைகளில் எந்த நேரத்துக்கு என்பதை டிக்கெட் எடுக்கும்போதுதான் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இந்த விமானங்களில் பெரும்பாலானவை இரவில் புறப்பட்டு விடியலில் இறங்குபவை. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே இருப்பதால், இரவு முழுவதும் தூங்கியது போலக் கடிகாரம் காட்டினாலும் உடம்புக்கு மூன்று மணி நேரத் தூக்கம்கூடக் கிடைத்திருக்காது. நள்ளிரவு 12.30 மணிக்குப் புறப்படும் விமானத்துக்கு டிக்கெட்டில் உள்ள தேதியை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். 15-ஆம் தேதி என்று போட்டிருந்தால், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி மாலையில். ஒரு நாள் கழித்துப் பூமாலையும் பெட்டியுமாக வந்து நின்ற ஒரு குடும்பத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு தேதியைப் பார்க்கும் பழக்கம் எனக்குத் தானாக வந்துவிட்டது.

கட்டணத்தை ஒப்பிடும்போது மூட்டையையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். ஸ்கூட்டின் அடிப்படைக் கட்டணத்தில் கையில் எடுத்துச் செல்லும் 10 கிலோ மட்டுமே அடக்கம். பெட்டி போட வேண்டுமானால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். சாப்பாடும் அப்படியே. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் சாதாரண வகுப்பின் மலிவான கட்டணத்திலும் 25 கிலோ பெட்டியும் உணவும் சேர்ந்தே வருகின்றன. தனியாகக் கைப்பையோடு போகிறவருக்கு மலிவு விமானம் உண்மையிலேயே மலிவு. ஊறுகாய், வடகம், இடியாப்ப மாவு என்று முப்பது கிலோவுக்குக் குறையாமல் கட்டிக்கொண்டு போகும் அம்மாக்களுக்கு அந்த மலிவு கவுன்டரில் நிற்கும்போது கரைந்துவிடும்.

சாங்கியிலிருந்து அப்பால் போகிறவர்கள் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். நாம் ‘நேரடி விமானம்’ என்று ஒரே சொல்லால் குறிப்பிடுவது விமானத் துறையில் இரண்டு வேறு பொருள்களைக் கொண்டது. எங்கும் இறங்காமல் போவது ஒன்று; வழியில் ஒரு ஊரில் இறங்கி ஏறினாலும் ஒரே விமான எண்ணில் போவது மற்றொன்று. சிங்கப்பூர் ஏர்லைன்ஸே நியூயார்க்குக்கு இரண்டு விதமாகவும் பறக்கிறது: ஒன்று பிராங்பர்ட்டில் இறங்கிப் போவது, மற்றது ஏறத்தாழ 15,300 கிலோமீட்டரை எங்கும் நிற்காமல், பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்து கடப்பது. உலகின் மிக நீண்ட பயணிகள் விமானச் சேவை என்று பெயர் பெற்ற இந்த இரண்டாவதில் ஓடும் ஏர்பஸ் ஏ350-900 நெடுந்தூர வகை விமானத்தில் மொத்தம் 161 இருக்கைகள்தான். பிசினஸ் வகுப்பு 67, பிரீமியம் எகானமி 94, சாதாரண வகுப்பு அறவே இல்லை. கே.எல்.எம். ஆம்ஸ்டர்டாமிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் பாலிக்குப் போவதும் ஒரே எண்ணில்தான். டிக்கெட் தளங்களில் ‘நிறுத்தம் 0’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

நம்மூர்ப் பயணிக்குச் சாங்கி எந்தத் திசைக்குப் பொருந்தும் என்று கேட்டால், தயக்கமின்றிக் கிழக்கு என்பேன். பெர்த் ஐந்து மணி நேரம், மெல்பர்ன் ஏழரை, சிட்னி எட்டு, டோக்கியோ ஏழு, ஆக்லாந்து பத்து என்ற அளவில் அங்கிருந்து நிற்காத விமானங்கள் உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரைக்கும், அதாவது சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலிஸ், சியாட்டில் நகரங்களுக்கு, பசிபிக் பெருங்கடலைக் கடந்து போவது ஏற்கத்தக்க வழியே. லண்டனுக்கோ பாரிஸுக்கோ சாங்கி வழியாகப் போவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதாகும். கிழக்கே நான்கு மணி நேரம் போய், பிறகு வந்த திசையிலேயே மேற்கே திரும்பிப் பறக்க வேண்டியிருக்கும். கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வயதானவர்களை அப்படி அனுப்பாதீர்கள்.

இனி, இந்த விமர்சனத்தை எழுத எனக்குக் காரணமாக இருந்த விஷயம். எங்கள் சித்தப்பா பெர்த்துக்குப் போகும்போது, உள்ளூர்ப் பயண முகவர் ஒருவர் பணத்தை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி, சிங்கப்பூர் வரை ஒரு மலிவு விமானத்திலும் அங்கிருந்து இன்னொரு நிறுவனத்தின் விமானத்திலும் இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள் எடுத்துக்கொடுத்தார். இரண்டுக்கும் இடையே ஆறு மணி நேரம் இருந்தது. தாராளம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். செக்-இன் கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “சிங்கப்பூர் விசா எங்கே, சார்?” என்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டி நேரே பெர்த்துக்குப் போயிருக்கும், அவரும் நாட்டுக்குள் நுழையாமல் விமானம் மாறுகிறவர்கள் காத்திருக்கும் டிரான்சிட் பகுதியிலேயே உட்கார்ந்திருந்து அடுத்த விமானம் ஏறியிருக்கலாம். தனித்தனி டிக்கெட் என்பதால் சிங்கப்பூரில் பெட்டியை எடுத்து மறுபடியும் போட வேண்டும். பெட்டி வரும் இடம் குடிநுழைவுச் சோதனைக்கு (இமிகிரேஷன்) அப்பால் இருக்கிறது. அதைக் கடக்க விசா வேண்டும்; கீழே சொல்லப்போகும் விசா விலக்கைப் பற்றி அன்று எங்களுக்குத் தெரியாது. அன்று அவர் வீடு திரும்பினார். மிச்சம் பிடித்த எட்டாயிரம் ரூபாய்க்கு இரண்டு டிக்கெட்டுகளும் வீணாகின.

ஆகவே இடைமாறும் பயணிகளுக்கு என் முதல் அறிவுரை, ஒரே முன்பதிவு எண்ணில் முழுப் பயணத்தையும் எடுங்கள் என்பதே. அப்படி எடுத்திருந்தால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. தனித்தனியாக எடுத்தே தீர வேண்டுமானால், கைப்பையோடு மட்டும் போங்கள்; அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸை இணையத்திலோ டிரான்சிட் கவுன்டரிலோ வாங்க முடியுமா என்பதை அந்த நிறுவனத்திடம் முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விசா பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா கட்டாயம். ஆனால் மூன்றாவது நாடு ஒன்றுக்குப் போகும் அல்லது அங்கிருந்து திரும்பும் வழியில், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் செல்லத்தக்க விசாவும் உறுதிசெய்யப்பட்ட தொடர்பயண டிக்கெட்டும் இருந்தால், 96 மணி நேரம் வரை விசா இல்லாமலே உள்ளே நுழைய அனுமதிக்கும் ஏற்பாடு இருக்கிறது. இறுதி முடிவு குடிநுழைவு அதிகாரியுடையது என்பதும், ஒருமுறை மட்டும் பயன்படும் விசாவுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு என்பதும் நினைவில் இருக்கட்டும். நாட்டுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் வந்து இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் இது முற்றிலும் இலவசம். தேடுபொறியில் முதலில் வந்து நின்று கட்டணம் கேட்கும் தளங்கள் வேறு யாருடையவோ. இறங்கிய பிறகு தானியங்கி வாயில்களில் பாஸ்போர்ட்டை வைத்து, முகத்தைக் காட்டிவிட்டுப் போய்விடலாம். முத்திரை குத்தும் வழக்கம் போய்விட்டது. எத்தனை நாள் தங்கலாம் என்ற விவரம் மின்னஞ்சலில்தான் வரும், எனவே அட்டையில் மின்னஞ்சல் முகவரியைப் பிழையில்லாமல் எழுதுங்கள்.

சாங்கி என்றதும் எல்லாருடைய கைபேசியிலும் வந்து நிற்கும் படம் ஜுவல் கட்டடத்தின் அருவிதான். 2019-இல் திறக்கப்பட்ட ஜுவலை வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி. கண்ணாடிக் கூரையின் நடுவிலிருந்து 40 மீட்டர் உயரத்தில் தண்ணீர் கொட்டுகிறது, கட்டடத்துக்குள் அமைந்த அருவிகளில் உலகிலேயே இதுதான் உயரமானது. சுற்றிலும் படிப்படியாக மரங்களும் நடைபாதைகளும் கடைகளும் இருக்கின்றன. குறை சொல்ல முடியாத அழகு. ஆனால் இந்த ஜுவல் குடிநுழைவுச் சோதனைக்கு வெளியே, பொதுமக்கள் வந்துபோகும் பகுதியில் இருக்கிறது. விசாவோ மேலே சொன்ன விலக்கோ இல்லாத டிரான்சிட் பயணி அங்கே கால் வைக்க முடியாது. இதை அறியாமல், வேறு நாட்டுக்குப் போகும் வழியில் அருவியைப் பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அழைத்துவந்து, பிறகு அவர்களைச் சமாதானப்படுத்தும் பெற்றோரை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

அவர்களுக்கு ஒரு வழி உண்டு. 2-ஆம் முனையத்துக்கும் 3-ஆம் முனையத்துக்கும் இடையே ஓடும் ஸ்கைடிரெயின் என்ற குட்டி ரயில் ஜுவலின் ஊடாகவே போகிறது. டிரான்சிட் பயணிகளுக்கான பெட்டியில் ஏறி நின்றாலும், சில நொடிகளுக்கு அருவி ஜன்னலுக்கு நேரே வந்து போகும். இலவசம்தான், எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம். நான் என் தங்கை மகனோடு நான்கு முறை போய்வந்தேன். அதற்கும் நேரம் பார்க்க வேண்டும். அருவி காலை 10 அல்லது 11 மணிக்குத்தான் திறக்கப்படுகிறது. நம் ஊர்களிலிருந்து விடியலில் வந்து இறங்குகிறவர்கள் உடனே ஓடினால் பார்ப்பது வெறும் கண்ணாடிக் குழிவைத்தான்.

டிரான்சிட் பகுதிக்கு உள்ளேயே பார்ப்பதற்கு இருப்பவை குறைவல்ல. 3-ஆம் முனையத்தின் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் இலவசத் திரையரங்கும், 1-ஆம் முனையத்தின் கள்ளித் தோட்டமும், 2-ஆம் முனையத்தின் சூரியகாந்தித் தோட்டமும் காத்திருப்பை லேசாக்கிவிடும். சாய்ந்து தூங்கும் நாற்காலிகளும் இலவசமே. சால்வை ஒன்றைக் கைப்பையில் வைத்திருங்கள், குளிரூட்டலில் தயவு தாட்சண்யம் கிடையாது. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்து, நாட்டுக்குள் நுழையும் தகுதியும் இருந்தால், விமான நிலையமே நடத்தும் இலவச நகர்ச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கலாம். 2-ஆம் முனையம் புதுப்பிக்கப்பட்டு 2023-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, அங்கே மின்திரையில் ஒரு அருவி ஓடுகிறது. பார்க்கப் பிரமாதமாக இருந்தாலும், அந்த முனையத்தில் முன்பு இருந்த, எழுத்துகள் சடசடவென்று புரண்டு ஊர்ப் பெயர்களைக் காட்டும் பழைய அறிவிப்புப் பலகையை 2020-இல் எடுத்துவிட்டதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இந்திய விமான நிலையங்களில் பழகியவர்களைச் சாங்கி தடுமாறவைக்கும் இடம் பாதுகாப்புச் சோதனை. 1, 2, 3-ஆம் முனையங்களில் பைகளைச் சோதிப்பது நுழைவில் அல்ல, விமானம் ஏறும் வாயிலில். அதனால் உள்ளே கடையில் வாங்கிய தண்ணீர்ப் பாட்டிலையும் வாயிலில் பறிகொடுக்க வேண்டிவரும். ஒருமுறை திருச்சி விமானத்துக்கான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டி ஒருவர், அப்போதுதான் வாங்கிய பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றார். கருவிக்கு அருகில் இருந்த காவலர் சிரித்துக்கொண்டே, “பாட்டி, அவசரமில்ல. அந்தப் பக்கமா நின்னு குடிச்சிட்டு வாங்க, காலிப் பாட்டில நீங்களே வெச்சுக்கலாம்” என்றார், சுத்தமான தமிழில். பாட்டி வரிசையை விட்டு விலகி, அண்ணாந்து, ஒரு மிடறு விடாமல் முழுப் பாட்டிலையும் குடித்து முடிக்கும் வரை நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே. சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். காலிப் பாட்டிலோடு போய் ஆங்காங்கே இருக்கும் குழாய்களில் நிரப்பிக்கொள்வதே சிக்கனம்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் உண்டு. சோதனை முடிந்து நுழையும் வாயில் அறைகள் பலவற்றுக்குள் கழிப்பறை இல்லை. உள்ளே போன பிறகு தேவைப்பட்டால் வெளியே வந்து, மறுபடியும் சோதனையில் நிற்க வேண்டும். குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் முன்பே கழிப்பறைக்குப் போய்விட்டு உள்ளே நுழையுங்கள். சில வாயில்களுக்குக் கடைகளிலிருந்து கால் மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நாலாவது முனையம் மட்டும் விதிவிலக்கு: 2017-இல் திறக்கப்பட்ட அதில் சோதனை ஒரே இடத்தில் முடிந்துவிடும். ஆனால் மற்ற மூன்றையும் இணைக்கும் ஸ்கைடிரெயின் அங்கே போகாது. பேருந்தில்தான் போக வேண்டும். ஏர் ஏசியா போன்றவற்றில் மாறிப் போகிறவர்கள் கூடுதலாக அரை மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

நகருக்குள் போகிறவர்களுக்குப் பெருவிரைவு ரயில் போதும். நிலையம் 2, 3-ஆம் முனையங்களுக்கு நடுவே கீழ்த்தளத்தில் இருக்கிறது. லிட்டில் இந்தியா போக வேண்டுமானால், அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் ஒரே ரயிலில் லிட்டில் இந்தியா வாசலிலேயே இறங்கலாம். தானா மேரா வழியாகப் போகச் சொல்லும் பழைய அறிவுரையைப் பின்பற்றத் தேவையில்லை. டிக்கெட் வாங்க வேண்டாம், தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டையை வாயிலில் தொட்டாலே போதும். நள்ளிரவுக்கு முன்பே ரயில் நின்றுவிடும். அதன் பிறகு டாக்சிதான். நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை மீட்டர் தொகையில் பாதி அளவு கூடுதலாகச் சேரும் என்பதால், விடியற்காலை ஐந்து மணிக்கு இறங்குகிறவர்கள் ஒரு காப்பி குடித்துவிட்டு முதல் ரயிலுக்குக் காத்திருப்பது பணத்துக்கு நல்லது.

திரும்பும்போது, ஒரே கடையில் 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) குறையாமல் வாங்கிய பொருள்களுக்கு 9 சதவீதப் பொருள், சேவை வரியைத் திரும்பப் பெறலாம். நகையோ கைபேசியோ பெட்டிக்குள் போவதாக இருந்தால், பெட்டியைப் போடுவதற்கு முன்பே புறப்பாட்டுக் கூடத்தில் உள்ள இயந்திரத்தில் பதிவு செய்துவிடுங்கள். அதிகாரி பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும், பெட்டி போன பிறகு காட்ட எதுவும் இருக்காது. வழியனுப்ப வரும் உறவினர்களுக்கும் ஒரு சொல்: வாயில் வரை கூடவே போகலாம் என்று மலிவான டிக்கெட் ஒன்றை வாங்கி உள்ளே நுழைவது சிங்கப்பூரில் குற்றம், அதற்காகக் கைதானவர்களும் உண்டு. பிரியாவிடையைக் குடிநுழைவு வாயிலுக்கு வெளியே முடித்துக்கொள்ளுங்கள்.

1981-இல் ஒற்றை முனையத்தோடு தொடங்கிய சாங்கி 2024-இல் 6 கோடியே 77 லட்சம் பயணிகளைக் கையாண்டது. ஆண்டுக்கு 5 கோடிப் பேரைக் கூடுதலாகக் கையாளும் ஐந்தாவது முனையத்துக்கு 2025 மே மாதம் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். 2030-களின் நடுப்பகுதியில் திறப்பதாகத் திட்டம். அதில் நடக்கும் தூரம் இன்னும் கூடும் என்றுதான் நினைக்கிறேன். சித்தப்பா மூன்று மாதம் கழித்து, ஒரே டிக்கெட்டில் பெர்த் போய்ச் சேர்ந்தார். சாங்கி எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, “கள்ளிச்செடிக்குக்கூட ஏசி போட்டு வெச்சிருக்கானுங்கப்பா” என்றார். அந்தத் தோட்டம் திறந்தவெளியில் இருக்கிறது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.